புதன்கிழமைச் சீட்டு

முழங்கால் இரண்டும் எரிந்தன. வலி என்று சொன்னால் சின்னதாகப் போய்விடும். எலும்புக்கு நடுவில் மணலைப் போட்டு யாரோ அரைக்கிற மாதிரி. இருபத்திரண்டு வருடமாகத் தரையில் மண்டியிட்டு டைல்ஸ் போடுகிறவனுக்கு அது புதிதில்லைதான். ஆனால் அந்தப் புதன்கிழமை ஆஸ்பத்திரி வராந்தா ஒன்றை ஒரே நாளில் முடித்துவிட்டு வந்திருந்தேன். வீட்டு வாசல் படி மூன்றையும் ஏறுவதற்குள் சுவரை இரண்டு தடவை பிடித்தேன்.

உள்ளே எல்லோரும் வந்தாகிவிட்டது. புதன்கிழமை மாலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டில் வேதபாடம். கூட்டம் என்று பெரிதாகச் சொல்வதற்கில்லை. நான், என் மனைவி, பதினைந்து வயது மகள். டிரைவர் அண்ணனும் அவர் மனைவி டிரைவர் அக்காவும். பக்கத்துத் தெரு நர்ஸ் சிஸ்டர். சலூன் வைத்திருக்கும் பிரதர் ஒருவர். அவ்வளவுதான்.

பாடம் நடத்துவது டிரைவர் அண்ணன். டவுன் பஸ் ஓட்டுகிறவர். பஸ் ஓட்டுகிற மாதிரியே வேதத்தையும் வாசிப்பார். குலுக்கல் இருக்காது, ஒரு நிறுத்தத்தையும் விடமாட்டார். குடி, சீட்டாட்டம், கெட்ட வார்த்தை எதுவும் கிடையாது. மகன் வெளியூரில் வேலை. மகளும் இருந்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் சபைக்கு வெளியே ஒருவனைக் கட்டிக்கொண்டு போனாள். அதற்குப் பிறகு யார் கேட்டாலும் "எனக்கு ஒரே பையன்" என்பார். நாங்களும் திருத்தியதில்லை.

பாடம் முடிந்ததும் மற்றவர்கள் முழங்கால் போடுவார்கள். எனக்கு மட்டும் நாற்காலி.

"பிரதர் கம்பெனிக்கு நாள் பூரா முழங்கால் போடுவாரு, கர்த்தர் முன்னால மட்டும் சேர் கேப்பாரு" என்றார் சலூன் பிரதர்.

"நீங்க நாள் பூரா நின்னுக்கிட்டுத்தானே வெட்டுறீங்க, இங்கயும் நில்லுங்களேன்" என்றேன். நர்ஸ் சிஸ்டர் சிரித்தார்.

ஜெபத்துக்குப் பிறகு சீட்டு. இது எங்கள் கூட்டத்துக்கே உள்ள வழக்கம். மனசில் பாரமாக இருக்கிறதை ஆளுக்கொரு தாளில் எழுதி, பெயர் போடாமல், பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். பிறகு ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். எடுத்த சீட்டை யாருக்கும் காட்டக் கூடாது. எழுதியது யார் என்று தேடக் கூடாது. ஏழு நாளும் அதற்காக ஜெபிக்க வேண்டும். அடுத்த புதன்கிழமை எல்லோர் முன்னாலும் கிழித்துப் போட வேண்டும். நேரில் சொல்லக் கூச்சப்படுகிறவர்களுக்காக நர்ஸ் சிஸ்டர் ஆரம்பித்து வைத்தது. இரண்டு வருடமாக ஒரு பிசகும் வந்ததில்லை. வழக்கமாக எனக்கு வருவது சர்க்கரை வியாதி, பரீட்சை, வாடகை வீட்டுக்காரர் தொல்லை, இப்படி ஏதாவது.

அன்று வந்தது இது.

'வீட்டில் இருப்பவருக்குத் தெரியாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருக்கிறேன். அவரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. நிறுத்தவும் மனமில்லை. ஜெபியுங்கள்.'

எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக, அச்சுப் போல, கையெழுத்தை மறைத்து எழுதியிருந்தது. ஆனால் தாளை மறைக்க முடியவில்லை. கட்டம் போட்ட தாள். என் மகளின் கணக்கு நோட்டுத் தாள். இந்தக் கூட்டத்தில் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருப்பது எங்கள் வீட்டில் மட்டும்தான்.

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். என் மனைவி டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் பார்ப்பதைப் பார்த்து, "என்னங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

மறுநாள் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது என் செருப்பைத் தேடுகிற சாக்கில் அவள் செருப்பை எடுத்துப் பார்த்தேன். சந்தேகம் வந்தவன் கை தானாகவே எல்லாவற்றையும் புரட்டும். செருப்பின் அடியில், பள்ளத்தில், பச்சை கலந்த சாம்பல் தூள் அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி விரலில் தேய்த்தேன். தெருப்புழுதி இல்லை. டைல்ஸ் இடுக்கில் நிரப்புகிற ஜாயின்ட் பவுடர். அந்த நிறத்தை நான் என் வாழ்நாளில் ஒரே ஒரு இடத்தில்தான் கரைத்திருக்கிறேன். டவுனுக்கு வெளியே புதிதாக எழும்பும் ஆறு மாடிக் குடியிருப்பு. முதலாளி தனியாகச் சொல்லி வரவழைத்த நிறம். மூன்றாவது மாடிவரை நான்தான் போட்டேன்.

என் மனைவிக்கு வேலை ஒரு சலவைக் கூடத்தில், துணி பிரித்து எண்ணுகிற வேலை. அது டவுனுக்கு உள்ளே. அந்தக் கட்டடத்துக்கும் இவளுக்கும் என்ன?

அப்போதுதான் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாக வந்து வரிசையில் நின்றது. வெள்ளிக்கிழமை அவளுக்கு அரைநாள் வேலை. முன்பு இரண்டு மணிக்கெல்லாம் வீட்டில் இருப்பாள். இப்போது ஐந்து ஆகிறது. கேட்டால் "துணி அதிகம்" என்பாள். போனைக் கவிழ்த்து வைக்கிறாள். நான் வந்தால் மகளிடம் பேச்சை மாற்றுகிறாள்.

அன்று மாலை மகளிடம் கேட்டேன். "பாப்பா, உன் கணக்கு நோட்டுல தாள் கிழிஞ்சிருக்கே, யாரு?"

"அம்மாதான்பா கேட்டாங்க. புதன்கிழமை. சீட்டுக்குன்னு." பிறகு கண்ணைச் சுருக்கி, "ஏன்பா, நீங்க என்ன போலீஸா?" என்றாள்.

"போய்ப் படி."

சோறு இறங்கவில்லை. துரோகம் என்று நினைத்தால் கோபம் வந்தது, அதைத் தாங்கிக்கொள்ளலாம். அந்த இன்னொரு வரிதான் என்னை விடவில்லை. அவரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. பதினேழு வருடத்தில் நான் அவள் மேல் கை வைத்ததில்லை. கத்தியிருக்கிறேன். தட்டைத் தள்ளியிருக்கிறேன். அதற்கே பயமா? அல்லது நான் அறியாத ஒரு முகம் எனக்கு இருக்கிறதா? ஏழு நாள் ஜெபிக்க வேண்டிய சீட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஏழு நாளும் நான் இதைத்தான் மென்றேன்.

வெள்ளிக்கிழமை முழங்காலைச் சாக்குச் சொல்லி மதியமே வேலையை விட்டு வந்தேன். குடியிருப்புக்கு எதிரில் ஒரு டயர் கடை. அங்கே அடுக்கி வைத்த டயர்களுக்குப் பின்னால் நின்றேன். கடைக்காரப் பையன் இரண்டு முறை "என்ன சைஸ் வேணும்?" என்று கேட்டுவிட்டு, மூன்றாவது முறை கேட்காமல் முறைத்தான்.

மூன்று மணி தாண்டி என் மனைவி வெளியே வந்தாள். தனியாக. தலை கலைந்திருக்கவில்லை, முகத்தில் பதற்றம் இல்லை; சொல்லப்போனால் சிரித்த முகம். அதுதான் குத்தியது. கையில் ஒரு டிபன் கேரியர். அதை ஸ்கூட்டர் கொக்கியில் மாட்டும்போது வெயிலில் பளிச்சென்று தெரிந்தது, மூடியில் வெள்ளைப் பெயின்டில் எழுதிய நாற்பத்தேழு.

டெப்போவில் கேரியர்கள் மாறிவிடாமல் இருக்க டிரைவர்கள் தங்கள் டோக்கன் எண்ணை எழுதி வைப்பார்கள். நாற்பத்தேழு டிரைவர் அண்ணன் எண். எத்தனையோ நாள் அந்தக் கேரியரை என் வீட்டு மேசையில் வைத்துவிட்டு வேதத்தைப் பிரித்திருக்கிறார்.

எனக்கு அதற்கு மேல் நிற்க முடியவில்லை. திரும்பி நடந்துவிட்டேன். இன்னும் ஐந்து நிமிடம் அந்த டயர்களுக்குப் பின்னால் நின்றிருந்தால் எல்லாம் வேறாகியிருக்கும். நான் நிற்கவில்லை.

அடுத்த நான்கு நாள் வீட்டில் ஒரு வார்த்தை பேசவில்லை. "காலு ரொம்ப வலிக்குதாங்க?" என்று அவள் எண்ணெயைச் சூடாக்கி எடுத்து வந்தாள். வேண்டாம் என்றேன். அவள் காட்டுகிற அக்கறையும் எனக்குச் சாட்சியாகத்தான் பட்டது. தப்புச் செய்தவள் குழைவாள் என்று நினைத்தேன். குழையாமல் இருந்திருந்தால் திமிர் என்று நினைத்திருப்பேன்.

புதன்கிழமை வந்தது. டிரைவர் அண்ணன் வழக்கம்போலக் கேரியரை மேசையில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். நாற்பத்தேழு என் பக்கம் பார்த்தபடி இருந்தது. அன்றைய பாடம், ஆண்டவர் சீஷரோடு கடைசியாக உட்கார்ந்து சாப்பிட்டது. உங்களில் ஒருவன் என்னைக் காட்டிக்கொடுப்பான் என்று அவர் சொல்கிற இடம்.

"இங்க ஒண்ணு கவனிக்கணும்" என்றார் அண்ணன். "பந்தியில பன்னிரண்டு பேர் இருக்காங்க. ஒவ்வொருத்தரும் 'நானா இருக்குமோ'ன்னுதான் கேக்குறாங்க. ஒருத்தர்கூடப் பக்கத்துல இருக்கிறவனைக் காட்டி 'இவனா'ன்னு கேக்கலை."

"நம்ம ஆளுங்களா இருந்தா, 'எனக்கு இவன் மேல அப்பவே ஒரு கண்ணு'ன்னு சொல்லியிருப்பானுங்க" என்றார் சலூன் பிரதர்.

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள். எனக்கு என்னைக் குத்திக் காட்டுகிறார்கள் என்று பட்டது. எப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தம், என் வீட்டில் உட்கார்ந்துகொண்டு எனக்கே பாடம் நடத்துகிறான் என்று நினைத்தேன்.

ஜெபம் முடிந்து சீட்டுக் கிழிக்கிற நேரம். ஆளுக்கு ஆள் கிழித்துப் போட்டார்கள். நான் கிழிக்கவில்லை.

"பிரதர், உங்களது?" என்றார் நர்ஸ் சிஸ்டர்.

"படிச்சிட்டுக் கிழிக்கிறேன்."

"படிக்கிற வழக்கம் இல்லையே."

"இன்னைக்கு உண்டு" என்று சொல்லிவிட்டுப் படித்தேன். எல்லா வரியையும், சத்தமாக, நிறுத்தி நிறுத்தி.

சலூன் பிரதர் மட்டும், "விட்டுடுங்க பிரதர், எழுதினவங்க மனசு என்ன பாடுபடும்" என்றார்.

"என் மனசு பட்ட பாட்டை யாரு பார்த்தா? இது என் மக நோட்டுத் தாள். இது இந்த வீட்டுச் சீட்டு." மனைவியின் பக்கம் திரும்பினேன். "சொல்லு. வெள்ளிக்கிழமை மதியம் அந்த ஆறு மாடிக் கட்டடத்துல யாரைப் பார்க்கப் போன? எத்தனை நாளா போற?"

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. வாயைத் திறந்தாள், மூடினாள்.

"வாய் ஒட்டிக்கிச்சா? உன் கையில இருந்துச்சே இந்தக் கேரியர், நாப்பத்தேழு, இது அங்க எப்படி வந்துச்சு? இதோ கேரியர்காரரே இருக்காரு, அவராவது சொல்லட்டும்!"

டிரைவர் அண்ணனுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் எழுந்து நின்றுவிட்டார். "பிரதர், என்ன பேச்சு பேசுறீங்க! வெள்ளிக்கிழமை எனக்குக் காலையிலருந்து சாயந்தரம் வரைக்கும் வண்டி. டெப்போல போய்க் கேளுங்க. வெள்ளிக்கிழமை நான் கேரியரே எடுத்துட்டுப் போறதில்ல, கேன்டீன்லதான் சாப்பாடு. கேரியர் வீட்டுலதான்..."

அந்த இடத்தில் அவர் பேச்சு நின்றது. மெதுவாகத் தன் மனைவி பக்கம் திரும்பினார்.

என் மனைவியின் பார்வை ஒரு நொடி டிரைவர் அக்காவிடம் போய், சட்டென்று தரைக்கு வந்தது. அந்த ஒரு நொடியில் எனக்குத் தெரிந்துவிட்டது. எதையோ தவறாகப் போட்டுவிட்டேன் என்று கைக்குத் தெரிகிற மாதிரி. ஆனால் காரை இறுகிவிட்டது.

டிரைவர் அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். கூட்டத்தில் அதிகம் பேசாதவர். பாட்டுப் பாடும்போதுகூட உதடு மட்டும்தான் அசையும்.

"அவளை விடுங்க தம்பி" என்றார். "நான் எழுதினது. அன்னைக்கு வீட்டுல எழுத முடியலை. இங்க வந்து உங்க வீட்டுக்காரிகிட்டத்தான் ஒரு தாள் கேட்டேன்."

பிறகு கணவரைப் பார்த்துச் சொன்னார். குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

"மகளைப் பார்க்கப் போறேன். ஆறு மாசமாப் போறேன். மருமகனுக்கு அந்தக் கட்டடத்துலதான் லிஃப்ட் வேலை, கீழ ஒரு ரூம் கொடுத்திருக்காங்க. அவளுக்கு இது எட்டாம் மாசம். வாய்க்கு ருசியா ஏதாவது வேணும்னு கேட்டா. எனக்குத் தனியாப் போகப் பயம், இவ ஸ்கூட்டர்ல கூட்டிட்டுப் போவா. அவ்வளவுதான்."

டிரைவர் அண்ணன் கத்துவார் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் உட்கார்ந்தார். வேதத்தில் இருந்த ரிப்பனை அன்றைய பக்கத்தில் சரியாக வைத்து மூடினார். "ஜெபிப்போம்" என்றார். எப்போதும் முடிக்கிற ஜெபத்தைச் செய்தார். வீட்டுக்காரரை ஆசீர்வதித்தார், பிள்ளையின் படிப்பை ஆசீர்வதித்தார், என் முழங்காலைக்கூட விடவில்லை. ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆமென் சொல்லிவிட்டுக் கேரியரை எடுத்துக்கொண்டு, மனைவியைப் பார்க்காமல் படி இறங்கினார். அக்கா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினார்.

நர்ஸ் சிஸ்டரும் சலூன் பிரதரும் சொல்லாமல் போனார்கள்.

என் மனைவி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் சமையலறை வாசலில் நின்றேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"உங்ககிட்ட சொன்னா நீங்க அண்ணன்கிட்ட சொல்லாம இருப்பீங்களா? அவரைப் பார்த்தா உங்களுக்கு ஒரு பேச்சு நிக்குமா?" தண்ணீரை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். "அந்தச் சீட்டு ஏழு நாள் உங்க கையில இருந்துச்சு. ஒரு நாளாவது ஜெபிச்சீங்களா?"

கிழிக்காத சீட்டு இன்னும் என் கையில்தான் இருந்தது.

"என்னைக் காணோம்னா தேடியிருக்கீங்க, பின்னால வந்திருக்கீங்க, மோப்பம் பிடிக்காத குறை. யாரோ ஒருத்தி பயமா இருக்குன்னு எழுதியிருக்காளே, அவ யாரா இருந்தா என்ன, அவளுக்காக ஒரு நிமிஷம் கண்ணை மூடணும்னு தோணலை."

"தப்புதான். மன்னிச்சிடு."

"என்கிட்ட இப்ப கேக்காதீங்க. எனக்குக் கோபம் இருக்கு, தீரும்போது தீரும். அக்காகிட்ட கேளுங்க. எத்தனை பேர் முன்னால அவங்களைத் தெருவுல நிறுத்தினீங்களோ, அத்தனை பேர் முன்னாலயும் கேளுங்க."

அடுத்த வாரம் நர்ஸ் சிஸ்டர் வீட்டில் கூடினோம். எங்கள் வீட்டில் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. இடம் மாறிவிட்டது, அவ்வளவுதான். பிஸ்கட் டப்பா வரவில்லை. அதைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை. டிரைவர் அண்ணன் வரவில்லை. அக்கா மட்டும் வந்தார்.

என் மனைவி மூலமாகத்தான் மற்றது தெரிந்தது. அண்ணன் அடிக்கவில்லை, திட்டவில்லை. டெப்போவில் எழுதிக் கொடுத்துத் தன் வார விடுமுறையை வெள்ளிக்கிழமைக்கு மாற்றிக்கொண்டார். வெள்ளிக்கிழமை முழுக்க வாசல் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு, மடியில் வேதத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மற்ற நாட்களில் மூலைக் கடைக்காரரிடம், இன்று இவள் எத்தனை மணிக்கு வெளியே போனாள் என்று விசாரிக்கிறார். என் வீட்டில் இருந்த சந்தேகம் கிளம்பி அவர் வீட்டுக்குக் குடிபோயிருந்தது. நான்தான் சாமான் ஏற்றிவிட்டேன். மகளுக்கு மாதம் நெருங்குகிறது. தாய் போக முடியவில்லை. கேரியர் இல்லாமல் என் மனைவி மட்டும் ஒரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போய் வருகிறாள்.

நர்ஸ் சிஸ்டர் சங்கீதம் ஒன்றை வாசித்து முடித்து, "யாராவது ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?" என்று கேட்டார். கேட்டது எல்லோரையும், பார்த்தது என்னை. என் மனைவி பார்த்தாள். சலூன் பிரதர் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிரைவர் அக்கா எதிரில், மூன்று அடி தள்ளி, மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. சரியாகத் தூங்காதவர் முகம், அவ்வளவுதான்.

நாள் முழுக்க வேலையில் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் இருந்தன. "அக்கா" என்று ஆரம்பித்தேன். அவர் நிமிர்ந்தார்.

"அக்கா... ஒரு பாட்டு எடுத்துக் கொடுங்களேன்" என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி ஒரு எண்ணைச் சொன்னார். எல்லோரும் பாடினோம். என் மனைவி பாடவில்லை.

கலைந்து வெளியே வரும்போது அக்கா தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தார். கூப்பிட்டிருந்தால் கேட்கிற தூரம்தான். கூப்பிட்டு, தனியாக நிறுத்தி, காதோடு காதாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது கணக்கில் சேராது என்று எனக்குத் தெரியும். இன்றோடு மூன்று புதன்கிழமை ஆகிவிட்டது. டிரைவர் அக்காவுக்கு நான் ஒரு மன்னிப்புப் பாக்கி வைத்திருக்கிறேன், எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டியது. இன்னும் கேட்கவில்லை.